சிக்கரி சேராத வீடு

எங்கள் வீட்டில் நான் செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். காலையில் காப்பி போடுவது. சமையல், துணி, கேஸ் புக் பண்ணுவது, தண்ணீர் லாரிக்காரரோடு சண்டை போடுவது எல்லாம் என் மனைவியின் இலாகா. ஆனால் அவளுக்கு முன்னால் எழுந்து, கொட்டையை அரைத்து, டிகாக்‌ஷன் இறக்கி, பாலைக் காய்ச்சி, டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டேன் என்றால் அன்றைய பொழுதுக்கு நான் நல்ல கணவன். மிச்ச நேரமெல்லாம் பேப்பர் படிக்கலாம். கல்யாண வீடுகளில் யாராவது பெண்ணுரிமை பற்றிப் பேச்சை எடுத்தால், "எங்க வீட்ல காப்பி நான்தான்" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்காரலாம். இந்த ஒரு டம்ளரைக் காட்டித்தான் குடும்பத்தில் என் குடியுரிமையை வருஷா வருஷம் புதுப்பித்து வந்திருக்கிறேன்.

ஆகவே, இந்தக் காப்பியை யாராவது ஒரு சொல் தாழ்த்திச் சொன்னால் அது காப்பி விஷயம் அல்ல, என் பதவி விஷயம். நல்லவேளையாக யாரும் சொன்னதில்லை. போன மார்கழி வரைக்கும்.

அதிலும் என்னுடையது கலப்பில்லாத காப்பி. சிக்கரி என்கிற சொல்லே எங்கள் வீட்டில் புழங்கக்கூடாது என்பது என் உத்தரவு. காப்பியைப் பற்றிக் கையில் கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்தவன் நான். படித்தவன் சும்மா இருக்க முடியாது. கடையில் அரைத்து வாங்கும் பொடியில் என்னென்ன சேர்கிறது என்று என் மனைவிக்கு விளக்கி, அவள் வாங்கிக்கொண்டிருந்த பொடியை நிறுத்தி, பச்சைக் கொட்டை வாங்கி வீட்டிலேயே வறுத்து அரைப்பது என்று முடிவு செய்தேன். வறுப்பதற்கு வாணலி இருந்தது. அரைப்பதற்கு மிக்சி ஆகாது, சூட்டில் வாசனை போய்விடும் என்று புத்தகம் சொன்னது. கையால் சுற்றும் மிஷின் வேண்டும்.

அது கிடைத்த விதம் எங்கள் ஊரில்தான் நடக்கும். வெயில் ஏறத் தொடங்கியதும் ரமணாசிரமம் பக்கம் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குக் கிளம்புவார்கள். கிளம்பும்போது சைக்கிள், கொசுவலை, அடுப்பு எல்லாவற்றையும் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார்கள். அவர்கள் விட்டுப்போன யோகா பாய்களில்தான் வேங்கிக்கால் மொட்டை மாடிகளில் இன்றைக்கும் வடாம் காய்கிறது. அப்படி ஒரு பங்குனியில் ஒரு வெள்ளைத் தாடிக்காரரிடம் அந்த மிஷினைப் பார்த்தேன். மரப்பெட்டி, மேலே இரும்புக் கைப்பிடி, கீழே பொடி விழச் சின்ன இழுப்பறை. பார்த்ததும் மனம் போய்விட்டது. ஒரே சிக்கல், அவர் மௌன விரதத்தில் இருந்தார்.

விலையை விரலால் முடித்தோம். எனக்கு அதோடு வர மனமில்லை. கொட்டையை எந்தப் பக்குவத்துக்கு வறுக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடினால் என்ன நிறம் தெரிகிறதோ அந்த நிறம் வரைக்கும் வறுக்கச் சொல்கிறார் என்று நான் புரிந்துகொண்டேன். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு வார்த்தை இல்லாமல் சொல்லிவிட்டாரே என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். நான் எப்போது கிளம்புவேன் என்று அவர் காத்திருந்திருக்கலாம் என்பது சமீபத்தில்தான் தோன்றியது.

அன்று முதல் கொட்டையைக் கரி நிறத்துக்கு வறுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து புகை வரும். பக்கத்து வீட்டம்மா ஆரம்பத்தில் வாளியோடு ஓடி வந்தார். பிற்பாடு, "அவரா, காப்பி வறுக்கறாரு" என்று தெருவே சமாதானமாகிவிட்டது. மிஷினும் லேசுப்பட்டதில்லை. ஒரு திருகு இறுக்கினால் பொடி மாவாகி, பில்டரின் மேல் பாத்திரத்தில் தண்ணீர் குளம்போல் நிற்கும், கீழே ஒரு சொட்டு இறங்காது. ஒரு திருகு தளர்த்தினால் ஊற்றிய தண்ணீர் ஊற்றிய வேகத்தில் ஓடிவிடும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் உண்டு. அதைக் கண்டுபிடித்துவிட்டதாகத்தான் இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

நம்பிக்கைக்குச் சாட்சி என் நண்பர். எங்கள் ஆபீஸிலேயே எனக்கு மூத்தவர், இரண்டு தெரு தள்ளி வீடு. காலை நடை முடிந்து நேராக என் வீட்டுக்கு வருவார். பேப்பரைப் பிரிப்பார். நான் டம்ளரை நீட்டுவேன். ஒரு வாய் குடித்துவிட்டு, கண்ணைச் சுருக்கி, "அடடா" என்பார். அவ்வளவுதான். அந்த அடடாவை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை ஆபீஸில் யார் என்ன திட்டினாலும் தாங்குவேன். சில நாள் கேள்வியும் கேட்பார். "இன்னா சார், இந்தக் கொட்ட ஏன் உருண்டையா கீது?" என்பார். அதற்குப் பெயர் பீபரி என்று தொடங்கி, அது விளையும் மலை, மழை, நிழல் வரைக்கும் சொல்வேன். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொள்வார். கவனம் அப்படி என்று நினைத்தேன். என் மனைவியும் தன் டம்ளரை வாங்கிக்கொண்டு உடனே சமையலறைக்குப் போய்விடுவாள். வேலை அப்படி என்று நினைத்தேன்.

போன வருஷம் நண்பர் ரிட்டயர் ஆனார். ஆன பிறகும் வந்துகொண்டுதான் இருந்தார். ஐப்பசியில் திடீரென்று வரவு நின்றது. போன் செய்தேன்.

"முட்டி வலி சார். நடக்கவே முடியல. டாக்டரு படியே ஏறக்கூடாதுன்ட்டாரு."

"நான் வேணா பிளாஸ்க்ல கொண்டு வரட்டுமா?"

"ஐயோ, வேணாம் சார்!" என்றார். என் சிரமத்துக்காக இவ்வளவு பதறுகிறாரே என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டே, "நல்ல மனுஷன்" என்றாள்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் நானும் அவளும் கிரிவலம் கிளம்பினோம். பௌர்ணமியை வெளியூர்க்காரர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, உள்ளூர்க்காரர்கள் நாங்கள் இப்படிக் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துச் சுற்றுவோம். செருப்பில்லாத காலுக்கு ரோடு ஐஸ்போல் இருந்தது. இந்த நடையில் என் மனைவிக்கு ஒரு முறை உண்டு. அக்னி லிங்கம் வரைக்கும் பக்தி. அதைத் தாண்டிச் செங்கம் ரோட்டில் முதல் மூலிகை சூப் கடை தெரிந்ததும் உட்கார்ந்துவிடுவாள். அன்றைக்கு உட்காரவில்லை. ஆசிரமம் நெருங்க நெருங்க நடை ஓட்டமாகியது.

"என்னங்க, வேகமா வாங்க."

"எதுக்கு? மலை எங்கயாவது போயிடப் போவுதா?"

"சுத்தி முடிக்கற வரைக்கும் எங்கயும் நிக்கக்கூடாது. வாய்ல ஒண்ணும் படக்கூடாது. இனிமே அப்டித்தான்."

"போன மாசம் சூப்பு, சுண்டல், கம்பங்கூழுன்னு வழி முழுக்க நின்னியே?"

"அது போன மாசம்."

அதற்குள் வாசனை வந்துவிட்டது. காப்பி வாசனை. ஒரு சந்து முனையில் புதிதாக ஒரு கடை. மூங்கில் தட்டி, தரையில் மெத்தை, மூன்று நான்கு வெளிநாட்டுக்காரர்கள் சால்வைக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தார்கள். போர்டில் 'வீட்டு முறை பில்டர் காப்பி' என்று தமிழிலும், அதற்குக் கீழே எனக்குத் தெரிந்த ஒரு மொழியிலும் தெரியாத இரண்டு மொழிகளிலும் எழுதியிருந்தது. அடுப்புக்குப் பின்னால், ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி, இன்னொரு கையை இடுப்புக்குக் கீழே இறக்கி, நடுவில் காப்பியைக் கயிறாக இழுத்துக்கொண்டிருந்தார் என் நண்பர். முட்டி வலிக்கான ஓர் அடையாளமும் தெரியவில்லை.

என்னைப் பார்த்தார். கயிறு அறுந்தது.

"வாங்க சார்" என்றார். லீவு லெட்டர் கொடுக்காமல் சினிமா தியேட்டரில் மாட்டிக்கொண்டவனின் மரியாதை அந்தக் குரலில் இருந்தது.

"முட்டி எப்டி இருக்கு?"

"பரவால்ல சார். நின்னுகினு இருந்தா ஒண்ணும் தெரில. உக்காந்தாதான் வலி."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தக் கேள்விகள், அந்த அடடாக்கள். என் வறுவல், என் அரைவை, நான் கொட்டை வாங்கும் இடம் எல்லாவற்றையும் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தே கறந்துகொண்டு போய்க் கடை போட்டிருக்கிறார். திறப்பு விழாவுக்குக்கூட அழைக்கவில்லை. ஆத்திரம் வந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், ஆத்திரத்துக்குள் ஒரு மூலை குளுகுளுவென்று இருந்தது. திருடும் அளவுக்கு ஒரு பொருள் என்னிடம் இருந்திருக்கிறதே. என் கலப்பில்லாத காப்பியை உலக நாடுகள் சால்வை போர்த்திக்கொண்டு குடிக்கின்றனவே. மன்னிப்பதற்கான வசனத்தை மனதுக்குள் தயார் செய்தேன். கொஞ்சம் நீளமான வசனம். நடுவில் அவர் கண் கலங்க இடம் விட்டிருந்தேன்.

"ஒரு காப்பி குடுங்க" என்றேன்.

"வேணாங்க, வாங்க போலாம்" என்றாள் என் மனைவி. நண்பர் அவளைப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் டபராவை நீட்டினார்.

ஒரு வாய் குடித்தேன். வசனம் மறந்துவிட்டது.

பழுப்பான, கெட்டியான காப்பி. கசப்பு வந்தது, ஆனால் கதவைத் தட்டிவிட்டு வந்தது. பின்னாலேயே ஓர் இனிப்பு. குடித்து முடித்த பிறகும் நாக்கில் மெல்ல உட்கார்ந்திருந்தது. என் காப்பி உட்காராது, நாக்கைப் பிடித்து உலுக்கும்.

"இது என் காப்பி இல்லையே" என்றேன்.

"இல்லிங்க சார்!" என்றார் நண்பர். பெரிய பழியிலிருந்து தப்பித்தவர்போல் முகம் மலர்ந்தது. "உங்களுத எப்டி சார் கடையில குடுக்கறது? ஆளுங்க திரும்பி வரணும்ல?"

என் பொருளைத் திருடியிருந்தால் மன்னித்திருப்பேன். வாய்ப்பிருந்தும் திருடாதவனை என்ன செய்வது?

"அப்ப இது யாரோடது?"

அவர் மறுபடியும் என் மனைவியைப் பார்த்தார். அவள் மலையைப் பார்ப்பதுபோல் நின்றாள். மலை அவளுக்கு முதுகுப் பக்கம் இருந்தது. அவள் பார்த்த திசையில் ஒரு பஞ்சர் கடைதான்.

"தங்கச்சி போடறதுதான் சார்."

"எந்தத் தங்கச்சி?"

"எனக்கு இன்னா நாலஞ்சு தங்கச்சியா சார் கீது? நம்ம தங்கச்சிதான்." கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "நீங்க கேம்ப் போவீங்கல்ல, செய்யாறு, போளூருன்னு. நான் பாட்டுக்குப் பேப்பர் பாக்க வருவேன். தங்கச்சி ஒரு டம்ளர் குடுக்கும். ஒருநாளு என் சம்சாரத்தையும் இட்டுகினு வந்தேன். குடிச்சிட்டு அவ அசந்துட்டா சார். அப்பறம் ‘அவரு எப்பங்க அடுத்த கேம்ப்’னு அவளே கேக்க ஆரம்பிச்சிட்டா."

இங்கே ஒரு விவரத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஆபீஸில் யாரை எந்த ஊர் கேம்புக்கு அனுப்புவது என்று எழுதி மேலே வைத்தவர் இதே நண்பர்தான். பஸ்ஸில் நின்றுகொண்டே செய்யாறு வரைக்கும் எத்தனை முறை போயிருப்பேன். அரசாங்கத்துக்கு என்மேல் தனி நம்பிக்கை என்று நினைத்திருந்தேன்.

"இதுல சிக்கரி இருக்கா?" என்று கேட்டேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"சிக்கரி இல்லாம எப்டி சார்?"

"எவ்வளவு?"

"அதெல்லாம் தங்கச்சியக் கேக்கணும். கடைக்கு தங்கச்சிதான் கலந்து குடுத்துச்சு மொதல்ல. பின்ன பாத்துப் பாத்து நானே பழகிட்டேன்."

"பின்ன எதுக்குய்யா எங்க வீட்ல வந்து அடடா, அடடான்னு..."

"உக்கார வைக்கறீங்க, பேப்பர் குடுக்கறீங்க, கொட்டையப் பத்தி அவ்ளோ சொல்றீங்க. நடுவுல போயி கசக்குதுன்னு சொன்னா உங்க மனசு நோவாதா சார்?" உண்மையான வருத்தத்தோடுதான் கேட்டார். என் மனதை இவ்வளவு காலம் பத்திரமாக வைத்திருந்த மனிதர். "இன்னொரு டம்ளர் போடட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வேறு ஊராக இருந்தால் துரோகம் செய்யப்பட்டவன் விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். எங்கள் ஊரில் கிரிவலத்தைப் பாதியில் விட்டுத் திரும்பக்கூடாது. மலையை முழுக்கச் சுற்றித்தான் ஆக வேண்டும். வண்டியை நிறுத்திய இடமும் சுற்று முடியும் இடம்தான். ஆகவே துரோகம் செய்தவளும் நானும் செருப்பில்லாமல் பக்கத்துப் பக்கத்தில் நடந்தோம்.

யம லிங்கம் வந்தது. அவள் உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு விபூதியோடு வந்து எனக்கும் பூசிவிட்டாள்.

"எத்தன வருஷமா?" என்றேன்.

"அந்த மிஷினு வந்ததுலேர்ந்து."

"பொடிய எங்க வச்சிருந்த?"

"ஜவ்வரிசி டப்பாவுல."

"அந்த டப்பா எப்பவும் நெறைய இருக்குமே."

"ஏங்க, நம்ம வீட்ல கடைசியா எப்ப பாயசம் வச்சேன்? அதாச்சும் தோணியிருக்கணும்ல?"

தோன்றியிருக்கவில்லை. சமையலறையில் என் அதிகாரம் ஒரே ஓர் அலமாரித் தட்டு. மற்ற டப்பாக்கள் எனக்கு அந்நிய தேசம்.

நிருதி லிங்கத்துக்கு முன்னால் மறுபடியும் கேட்டேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேனே. வந்த மொத வாரமே சொன்னேன், கருகற வாட அடிக்குதுன்னு. நீங்க புஸ்தகத்த எடுத்துட்டு வந்து படிச்சிக் காட்டினீங்க. அடுப்புல பருப்பு பொங்கிப் போச்சி. சரி, இந்தப் பாடத்தக் கேக்கறதுக்கு அதையே குடிச்சிடலாம்னு விட்டுட்டேன்."

"குடிச்சியா?"

"உள்ள கொண்டு போயி பால் ஊத்தி, சர்க்கரை போட்டு, கண்ண மூடிட்டுக் குடிப்பேன். மாத்திரை மாதிரி." எதிரில் வந்த சாமியார் ஒருவருக்கு வழி விட்டாள். "காலைல எழுந்து ஒருத்தரு கையால சுத்தி அரைச்சித் தர்றாரு. எப்டிங்க வேணாம்னு சொல்றது?"

இந்த இடத்தில் நான் நெகிழ்ந்திருக்க வேண்டும் என்று இந்தக் கதையைப் பிற்பாடு கேட்ட ஒருவர் சொன்னார். எனக்கு நெகிழவில்லை. மாத்திரை என்ற சொல் மட்டும் காலில் குத்திய கல்லைப்போல் கூடவே வந்தது. நல்ல கணவன் பதவியை நான் ஒரு கஷாயத்தின் பேரில் இத்தனை வருஷம் வகித்திருக்கிறேன்.

ஆனாலும் ஒரு பிடி விட்டுவைத்திருந்தேன். "சரி, உங்களுக்கெல்லாம் நாக்கு பழகல. உண்மையான காப்பின்னா என்னன்னு தெரிஞ்சவங்க குடிச்சாதான்..."

"செய்யாறுலேர்ந்து மழைல நனஞ்சி வந்தீங்களே, ஞாபகம் இருக்கா?" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை, சிரிப்பை அடக்குவது மட்டும் தெரிந்தது. "தல வலின்னு படுத்துட்டீங்க. நான் போட்டுக் குடுத்தேன். குடிச்சிட்டு என்ன சொன்னீங்க?"

ஞாபகம் இருந்தது. நன்றாகவே இருந்தது.

"‘பாத்தியா, என் பொடி. நீ போட்டாகூட எப்டி வருது பாரு’ன்னீங்க. இன்னும் கொஞ்சம் இருக்கான்னு கேட்டு எனக்கு வச்சிருந்ததையும் வாங்கிக் குடிச்சீங்க."

அதுவும் அந்தக் காப்பிதான். மறுநாள் அதைப் பற்றி நண்பரிடம் அரை மணி நேரம் பேசியிருக்கிறேன், கலப்பில்லாத காப்பி எப்படித் தலைவலியை எடுக்கிறது என்று. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்கும் தெரிந்திருக்கிறது. அந்த வீட்டில் காப்பி குடித்த மூன்று பேரில் சிக்கரியின் ருசி தெரியாதவன் அதைத் தடை செய்தவன் மட்டும்தான்.

குபேர லிங்கம் தாண்டி ஊருக்குள் நுழையும்போது அவள் கேட்டாள். "நாளைக்குக் காப்பி நீங்கதான போடுவீங்க?"

கேலியா, உண்மையா என்று தெரியவில்லை. வண்டியைத் தேடினேன்.

மறுநாள் விழிப்பு வந்தும் நான் எழவில்லை. கல்யாணமான பிறகு என் முதல் வேலைநிறுத்தம். போர்வைக்குள்ளிருந்தபடி காதை மட்டும் சமையலறைக்கு அனுப்பினேன். அவள் சற்று நேரம் எனக்காகக் காத்திருந்ததுபோல் இருந்தது. பிறகு பால் பாக்கெட் வெட்டும் சத்தம். பிறகு ஒரு டப்பா மூடி திறந்தது. மெதுவாக, திருட்டுத்தனமாக அல்ல. நல்ல சத்தத்தோடு, பட்டென்று. இத்தனை வருஷம் ஒளிந்திருந்த டப்பா. யாரும் ஓர் அறிவிப்பும் செய்யவில்லை, யாரும் என்னைப் பதவி நீக்கவில்லை. அந்த மூடிச் சத்தத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

ஹாலில் போய் உட்கார்ந்தேன். என் டம்ளரை எனக்கு முன்னால் வைத்தாள். தன் டம்ளரோடு அவள் உள்ளே போகவில்லை. எதிர் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து, பேப்பரின் நடுப் பக்கத்தை எடுத்துக்கொண்டு, வாய் வாயாக, நிதானமாகக் குடித்தாள். கண்ணை மூடவில்லை. அவள் காப்பி குடிப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நானும் குடித்தேன். கடையில் குடித்ததைவிட ஒரு படி மேல். அது என்னை இன்னும் கொஞ்சம் புண்படுத்தியது.

அவள் பேப்பரைத் தாழ்த்தினாள். "எப்டி இருக்கு?"

இத்தனை வருஷமாக நண்பர் எனக்குத் தினமும் தாராளமாக வழங்கிய அந்த அடடா நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

"சூடா இருக்கு" என்றேன்.